தழும்புக்குப் புனைபெயர் கிடையாது

உடல் மாற்றம் செய்துகொண்டவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நான் எடுக்கப் போன முதல் பேட்டி தொடங்காமலே முடிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெண் சம்மதப் படிவத்தின் ஐந்து பக்கங்களையும் ஒரு வரி விடாமல் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் பேனாவைக் கையில் எடுத்தார், ஆனால் மூடியைக் கழற்றவில்லை.

"இதுல என் நிஜப் பேரை எழுதிக் கையெழுத்துப் போடணுமா?"

"ஆமாங்க."

"ஆராய்ச்சியில என் பேர் எங்கேயும் வராதுன்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கீங்க."

"ஆமாங்க, வராது."

"அப்போ நான் உங்ககிட்ட பேசினேன்னு சொல்ற ஒரே காகிதம் இதுதானே?"

பேனாவைப் படிவத்தின் மேலேயே வைத்து, இரண்டையும் சேர்த்து என் பக்கம் நகர்த்தினார். கோபப்படவில்லை. "யோசிச்சிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேட எனக்குப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் கற்றுக்கொண்டதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உடல் மாற்றம் என்றதும் பலருக்கும் டாட்டூவும் பியர்சிங்கும்தான் ஞாபகத்துக்கு வரும். அவை இன்று யாரையும் பெரிதாக உறுத்துவதில்லை. நான் பேச விரும்பியவர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனவர்கள். நாக்கை இரண்டாகப் பிளந்துகொண்டவர்கள், தோலைக் கீறியோ சூடு போட்டோ தழும்பாலேயே படம் வரைந்துகொண்டவர்கள், தோலுக்கு அடியில் சிலிகோன் உருவங்களை வைத்துக்கொண்டவர்கள், விரல் நுனியில் சின்னக் காந்தம் பதித்துக்கொண்டவர்கள், முதுகில் கொக்கி மாட்டிச் சில நிமிடங்கள் தரையை விட்டுத் தொங்கியவர்கள். இவர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போகும்போது அதை மறைத்துக்கொண்டுதான் போகிறார்கள். பெற்றோருக்குத் தெரியாதவர்கள் உண்டு. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது என்னிடம் பேச வந்தவர் ஒருவர் உண்டு. எதிர்த்தரப்பு வக்கீலிடம் ஒரு போட்டோ போனால் போதும், எல்லாம் போச்சு என்றார்.

இப்படிப்பட்டவர்கள் ஒரு பல்கலைக்கழகத்து ஆளை ஏன் நம்ப வேண்டும்? நம்பாமல் இருப்பதற்குக் காரணங்கள் நிறையவே இருக்கின்றன. இத்தாலிய மருத்துவர் செசாரே லோம்ப்ரோசோ 1876இல் வெளியிட்ட நூலில், பிறவிக் குற்றவாளியை அடையாளம் காட்டும் அறிகுறிகளில் ஒன்றாகப் பச்சைக் குத்தலைச் சேர்த்தார். தோலில் ஒரு படம் இருந்தால் உள்ளே ஒரு குற்றவாளி இருக்கிறான் என்ற அந்த எண்ணத்தை அறிவியல் கைவிட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, ஆனால் ஜனங்களின் பார்வையில் அது அப்படியே தங்கிவிட்டது. அப்புறம் மனநல மருத்துவம் வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013இல் வெளியிட்ட, மனநோய்களை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில், தற்கொலை நோக்கமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது இன்னும் ஆராயப்பட வேண்டிய நிலையாகக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதன் வரையறையிலிருந்து சமூகம் ஏற்றுக்கொண்ட செயல்களுக்கு விலக்கு உண்டு. டாட்டூவும் பியர்சிங்கும் மதச் சடங்குகளும்தான் அங்கே எடுத்துக்காட்டுகள். இதைப் படித்த என் நண்பர் ஒருவர் கேட்டார்: "எத்தனை பேர் ஏத்துக்கிட்டா நான் ஆரோக்கியமானவன் ஆவேன்?" இன்றுவரை அதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பதில் எதுவும் இல்லை.

இந்த வரலாற்றில் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கும் ஆள் அர்மாண்டோ ஃபவாஸா. அவரும் மனநல மருத்துவர்தான். 1987இல் அவர் எழுதிய பெரிய நூலின் துணைத் தலைப்பில் உடல் சிதைப்பு என்ற பொருள் தரும் சொல் மட்டும்தான் இருந்தது. 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதன் பக்கத்தில் உடல் மாற்றம் என்ற சொல்லும் சேர்ந்தது. அதைவிடப் பெரிய காரியம், அந்தப் பதிப்பின் பின்னுரையை எழுத ஃபகீர் முசாஃபரை அவர் அழைத்தார். முசாஃபர் இந்தச் சமூகத்தின் மூத்தவர், தன் உடலிலேயே பல பத்தாண்டுகள் இவற்றையெல்லாம் செய்து பார்த்தவர். நோய் என்று வகைப்படுத்தும் தொழிலில் இருந்த ஒருவர், யாரைப் பற்றி எழுதினாரோ அவருக்கே தன் நூலின் கடைசி வார்த்தையைக் கொடுத்தார். ஃபவாஸாவின் முடிவுகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தப் பின்னுரையைப் பார்க்கும்போதெல்லாம், நம் துறையில் இது ஏன் இவ்வளவு அபூர்வமாக இருக்கிறது என்று வருத்தமாக இருக்கும்.

சரி, படிவத்துக்கு வருகிறேன். ஆராய்ச்சிகளுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவிடம் போய்க் கையெழுத்து இல்லாமல் பேட்டி எடுக்க அனுமதி கேட்டேன். முதலில் மறுத்தார்கள். கையெழுத்து இல்லாமல் சம்மதம் எப்படி என்றார்கள். அமெரிக்க ஆராய்ச்சி விதிகளிலேயே இதற்கு வழி இருக்கிறது: ஆராய்ச்சியோடு ஒருவரைச் சேர்த்துக் காட்டும் ஒரே ஆவணம் சம்மதப் படிவம்தான் என்றால், அவருக்கு வரக்கூடிய முக்கிய ஆபத்து ரகசியம் வெளியே போவதுதான் என்றால், கையெழுத்தை விட்டுவிடலாம். இதை எடுத்துக்காட்டி மூன்று முறை எழுதினேன். கடைசியில் வாய்மொழிச் சம்மதம் போதும் என்று ஒப்புக்கொண்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை போட்டார்கள், ஒவ்வொரு பேட்டியின்போதும் அழைத்தவுடன் வர ஒரு மனநல ஆலோசகர் தயாராக இருக்க வேண்டுமாம். இதைச் சொன்னதும் பேட்டிக்குச் சம்மதித்திருந்தவர்களில் இரண்டு பேர் விலகிவிட்டார்கள். எங்களைப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேச வருகிறீர்களா என்று ஒருவர் கேட்டார். நெறிமுறைக் குழுக்கள் தேவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பல நேரங்களில் அவை முதலில் காப்பாற்றுவது நிறுவனத்தை. பேசுகிறவர்களைக் காப்பது அதற்கு அடுத்ததாகத்தான் வருகிறது. இதைச் சொன்னால் சக ஆராய்ச்சியாளர்களுக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

கையெழுத்துப் பிரச்சினை தீர்ந்ததும், பெயரை மாற்றிவிட்டால் மற்றதெல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஒரு புனைபெயர், வயதில் ஒன்றிரண்டு கூட்டல் கழித்தல், வேலை என்ன என்பதைக் கொஞ்சம் மழுப்புவது, அவ்வளவுதான். முதல் பெண் சில மாதங்கள் கழித்து மறுபடி வந்தார், இந்த முறை பேசினார், மூன்று மணி நேரம். எழுதி முடித்த பேட்டியைப் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். பெயர், ஊர், வேலை எதையும் அவர் தொடவில்லை. அவர் கையில் இருந்த தழும்பை நான் விவரித்திருந்த நாலு வரிகளை, நான் ரொம்ப ஆசையாக எழுதிய நாலு வரிகளை, ஒரே கோட்டில் அடித்தார். அப்புறம் சட்டைக் கையை மெதுவாக மேலே இழுத்து, முன்கையை மேஜை மேல் வைத்தார்.

"இதைப் பார்த்தவங்க எட்டு பேர் இருப்பாங்க. இதைச் செஞ்சுவிட்டவர், என் கூட்டாளிங்க, நான் பிரிஞ்சு வந்த ஆள். உங்க கட்டுரையை அவங்கள்ல யார் படிச்சாலும் நான்தான்னு தெரிஞ்சிடும். நீங்க எனக்கு என்ன பேர் வெச்சாலும் இதுதான் என் பேர்."

அந்தத் தழும்பு எப்படி இருந்தது என்று இங்கேயும் எழுத மாட்டேன். கை மேஜை மேல் இருந்தபோது அவர் விரல்கள் கொஞ்சம் நடுங்கின, அதை மட்டும் எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

ஆராய்ச்சி நெறிமுறை வகுப்புகளில் சொல்லித் தரும் எந்தக் கருவியும் இந்த இடத்தில் வேலை செய்யாது. மற்ற ஆய்வுகளில் அடையாளம் என்பது பெயரிலும் முகவரியிலும் இருக்கிறது, அவற்றை உரித்து எடுத்துவிட்டால் மீதியை எழுதலாம். இங்கே எதை ஆராய வந்தோமோ அதுவேதான் அடையாளம். போலீஸுக்கு இது எப்போதோ தெரியும். அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தர நிர்ணய நிறுவனம் 2015இல், எஃப்பிஐ கொடுத்த டாட்டூ படங்களை வைத்து, டாட்டூவைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. அந்தப் படங்களில் இருந்த சிறைவாசிகளின் சம்மதம் பற்றி எலக்ட்ரானிக் ஃப்ரண்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அடுத்த ஆண்டே கேள்வி எழுப்பியது. பரவலாக உள்ள டாட்டூவுக்கே இந்தக் கதி என்றால், உலகத்தில் ஒருவர் உடலில் மட்டும் இருக்கிற ஒரு தழும்பைக் கட்டுரையில் வார்த்தைக்கு வார்த்தை வர்ணிப்பதும் பெயரை அச்சடிப்பதும் ஒன்றுதான். அதற்குப் பிறகு நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். உடலைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் அந்த உடலுக்கு உரியவர் பார்த்து, இருக்கட்டும் என்று சொன்னால்தான் அது வெளியே போகும். இதனால் என் கட்டுரைகள் மெலிந்துபோயின. விவரம் போதவில்லை என்று மதிப்பாய்வாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். இருமுறை அப்படி நடந்தது, வலித்தது.

ரகசியம் காப்பேன் என்ற வாக்குறுதி இன்னொரு தலைவலி. மற்றவர்கள் உடலில் இந்த மாற்றங்களைப் பல ஆண்டுகளாகச் செய்துவிட்டுவரும் ஒரு மூத்தவர், என் ரெக்கார்டரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கோர்ட்டுல கேட்டா இதைக் குடுப்பியா, மாட்டியா?" அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. சம்மதம் எதுவரை செல்லும் என்பதில் இங்கிலாந்துச் சட்டம் பல ஆண்டுகளாக முன்னும் பின்னும் போய் வருகிறது. 1993இல், அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, பெரியவர்கள் சம்மதித்தே ஒருவரை ஒருவர் காயப்படுத்திக்கொண்டாலும் குற்றம்தான் என்றது. 1996இல் ஒரு கணவர் மனைவி கேட்டுக்கொண்டபடி சூடான கத்தியால் தன் பெயரின் முதல் எழுத்துகளை அவர் உடலில் பொறித்த வழக்கில், இது பச்சை குத்துவதைப் போன்றதுதான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2018இல் அதே நீதிமன்றம், காதை அகற்றியதற்கும் முலைக்காம்பை அகற்றியதற்கும் நாக்கைப் பிளந்ததற்கும் வாடிக்கையாளரின் சம்மதம் தற்காப்பு ஆகாது என்று தீர்ப்பளித்தது. அவற்றைச் செய்துவிட்டவர் அடுத்த ஆண்டு சிறைக்குப் போனார். ஆக, தான் செய்வது கலையா குற்றமா என்று செய்கிறவருக்கே உறுதியாகத் தெரியாத ஒரு வேலையைப் பற்றி அவரைப் பேசச் சொல்கிறோம், அதுவும் பதிவுக் கருவியை முன்னால் வைத்து.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி நடத்திய பெல்ஃபாஸ்ட் திட்டம் நினைவுக்கு வந்தது. 2001இலிருந்து வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுக்காரர்களிடம் பேட்டி எடுத்தார்கள், நீங்கள் இறக்கும்வரை இது வெளியே வராது என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பேட்டி கொடுத்தவர்களிடம் தந்த தாளில் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான் என்ற வரி இல்லை. 2011இல் பேட்டிகளை ஒப்படைக்கச் சொல்லி அமெரிக்க நீதிமன்றம் வழியாக நோட்டீஸ் வந்தது, 2013இல் சில ஒலிநாடாக்கள் போலீஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் தேசியச் சுகாதார நிறுவனங்கள் தரும் ரகசியக் காப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. 2017 அக்டோபரிலிருந்து அவர்கள் நிதி தரும் ஆய்வுகளுக்கு அது தானாகவே பொருந்தும், நீதிமன்றம் கேட்டாலும் ஆராய்ச்சியாளர் தகவலைத் தர மறுக்க அது இடம் கொடுக்கிறது. என் ஆய்வுக்கு அப்படி எதுவும் கிடையாது. பெரியவரிடம் அதையே சொன்னேன்: "கோர்ட் கேட்டா என்னால கடைசிவரை மறுக்க முடியும்னு சத்தியம் பண்ண முடியாதுங்க. அதனால கேட்கிற அளவுக்கு எதையும் நான் வெச்சிருக்கக் கூடாது." ரெக்கார்டரை அணைத்துப் பைக்குள் போட்டேன். அன்று அவர் நாலு மணி நேரம் பேசினார். எந்த நாளில், எந்த இடத்தில், யாருக்கு என்று நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

கேள்விகள் பற்றியும் சொல்ல வேண்டும். என் முதல் கேள்வித்தாளில் ஏழாவது கேள்வி, சிறுவயதில் உங்களுக்கு ஏதாவது கொடுமை நடந்ததா என்பது. பழைய ஆய்வுகளிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தேன். அந்தக் கேள்வி வந்ததும் எதிரே இருப்பவர் முகம் மூடிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கொடுமை நடந்தவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள், சிலர் தாங்களாகவே சொன்னார்கள். ஆனால் நீங்கள் எங்கே உடைந்தீர்கள் என்று கேட்டுத் தொடங்கினால், மற்ற எல்லாப் பதிலும் அந்த உடைசலுக்கான விளக்கமாக ஆகிவிடுகிறது. பெயர் வைப்பதிலும் இதேதான். ஆரோக்கியமான ஒரு கையோ காலோ தன்னுடையது இல்லை என்று உணர்கிறவர்களின் நிலைக்கு 1977இல் பாலியல் ஆய்வாளர் ஜான் மணியும் அவருடைய சக ஆராய்ச்சியாளர்களும் வைத்த பெயர், அதைப் பாலியல் விருப்பமாகவே பார்த்தது. 2005இல் மனநல மருத்துவர் மைக்கேல் ஃபர்ஸ்ட் 52 பேரிடம் தொலைபேசியிலேயே பேசி ஓர் ஆய்வு வெளியிட்டார், முகம் காட்ட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இது அடையாளம் சார்ந்த விஷயமாக இருக்கலாம் என்று அது காட்டியது. இன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் அதற்கு வேறு பெயர். இடைப்பட்ட காலத்தில் அந்த முதல் பெயரைச் சுமந்து வாழ்ந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். நாம் ஒரு சொல்லை எழுதிவிட்டு அடுத்த கட்டுரைக்குப் போய்விடுகிறோம், அவர்கள் மருத்துவரின் அறைக்குள் அந்தச் சொல்லோடுதான் நுழைய வேண்டியிருக்கிறது.

"எங்களுக்கு என்ன தருவீங்க?" என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. பணம் கேட்கவில்லை. ஒரு கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து முடிவு செய்து கேட்டது ஒரே ஒரு பக்கம். விரலில் காந்தம் வைத்திருக்கிறவர் எம்ஆர்ஐ அறைக்குள் போனால் ஆபத்து, அந்த இயந்திரம் காந்தத்தை இழுக்கும், தோல் கிழியலாம். இதை முன்கூட்டியே மருத்துவமனையில் சொல்ல வேண்டும். சொன்னால் கேலி, பிரசங்கம், மனநலப் பிரிவுக்குச் சீட்டு. அதனால் பலர் சொல்வதில்லை. ஆகவே அவசரப் பிரிவுச் செவிலியர்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்றார்கள். என்னென்ன பொருள் தோலுக்குள் இருக்கலாம், எதை அகற்றலாம், எதை அகற்றக் கூடாது, முதலில் என்ன கேட்க வேண்டும், என்ன கேட்க வேண்டாம். ஒரு மருத்துவ நண்பரையும் சேர்த்துக்கொண்டு எழுதினோம். பதினோரு திருத்தம் ஆனது. என் பட்டியலில் கட்டுரைகள் பல இருக்கின்றன, அந்த ஒரு பக்கம் அதில் வராது. நான் எழுதியவற்றில் மடித்து யாராவது பர்ஸில் வைத்துக்கொண்டது அது மட்டும்தான்.

நம்பிக்கை வாங்குவதற்காகத் தானும் ஒன்று குத்திக்கொண்டு போகிற ஆராய்ச்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். விருப்பம் இருந்தால் செய்துகொள்ளுங்கள், அனுமதிச் சீட்டாக வேண்டாம், அவர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எனக்கு மிகக் கடினமாக இருந்ததையும் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை வந்தபின் மனம் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுகிறது, கெட்டதை எழுதக் கை வருவதில்லை. இந்தச் சமூகத்திலும் கை சுத்தம் இல்லாதவர்கள், தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் இளைஞர், ஒப்புக்கொண்டதைத் தாண்டித் தன் உடலில் வேறொன்றையும் செய்துவிட்ட ஒருவரைப் பற்றிச் சொன்னார். செய்தவர் எல்லோரும் மதிக்கும் ஆள். எழுதாதே, வெளியே இருக்கிறவர்களுக்கு இதுதான் வேண்டும், இதை வைத்து எங்கள் எல்லோரையும் அடிப்பார்கள் என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் பயம் பொய்யில்லை. ஆனால் அந்த இளைஞர் எழுதச் சொன்னார். யாருடைய உடலோ அவருடைய சொல்தான் என்று இத்தனை நாள் பேசிவிட்டு, இங்கே மட்டும் எப்படி மாற்றுவது? இடத்தையும் செய்த வேலையின் வகையையும் விட்டுவிட்டு, சம்மதம் எந்த இடத்தில் மீறப்பட்டது என்பதை மட்டும் எழுதினேன். வெளிவருவதற்கு முன்பே அந்த மூவருக்கும் காட்டினேன். இருவர் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவர் அதன் பிறகு என்னோடு பேசுவதில்லை.

கடைசியாக அந்த முதல் பெண். கட்டுரையை அனுப்புவதற்கு இரண்டு வாரம் முன்பு கூப்பிட்டார். புது வேலை, புது இடம், யோசித்துப் பார்த்தேன், என் பேட்டி வேண்டாம் என்றார். நான் எடுத்த பேட்டிகளிலேயே அதுதான் சிறந்தது, கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுக்க அதன் மேல்தான் நின்றது. அச்சாகும்வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அவரிடம் சொன்னது நான்தான். கூட எழுதியவர், பெயரே இல்லையே, வைத்துக்கொள்ளலாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றார். எங்களுக்குள் இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் பகுதியை எடுத்துவிட்டு அனுப்பினோம்.

அவர் நேரில் வந்தார். கம்ப்யூட்டரில் இருந்ததை அவர் கண் முன்னாலேயே அழித்தேன், காப்பு எடுத்து வைத்திருந்ததையும் அழித்தேன். "நோட்டுல எழுதினது?" என்று கேட்டார். நான் மறந்தே போயிருந்தேன். நோட்டைத் தேடி எடுத்து, ஆறு தாள்களைக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார், நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பல மாதம் கழித்துத் தொலைபேசியில் பிடித்து, இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். இந்தக் கட்டுரையை முழுதும் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். இரண்டு இடங்களில் நிறுத்தச் சொன்னார், அந்த இரண்டு வாக்கியங்களும் இப்போது இதில் இல்லை.